தண்ணி லாரி எழுதின முதல் வரி

போர்வெல் மோட்டார் கம்பெனி மேனேஜர் விஸ்வேஸ்வரன் ஆர்டர் பிடிக்க எழுதித் தரும் மெயிலெல்லாம் "நாற்பதாண்டுப் பாரம்பரியம் மிக்க எங்கள் நிறுவனம்" என்றே தொடங்கும். நானூறு பேருக்குப் போயும் ஒருத்தர் பதில் போடவில்லை.

"எடுத்ததுமே நம்ம பெருமையப் பேசினா யாருங்க சார் படிப்பாங்க?" என்றாள் அவற்றைத் தட்டி அனுப்புகிற தெய்வானை.

மேனேஜருக்குச் சுர்ரென்று ஏறியது. "பைபாஸ் ரோட்டு மில் முதலாளிக்கு நீயே எழுது. மத்தியானத்துக்குள்ள பதில் வந்தா என் நாற்காலி உனக்கு. வரலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

ஆபீஸே அவள் பின்னால் வந்து நின்றது. தெய்வானை படபடவென்று தட்டினாள்: "ஐயா, உங்க மில் வாசல்ல மூணு நாளா தண்ணி லாரி நிக்குதுங்க. போர் மோட்டார் ஓடலீங்களா?"

பத்தே நிமிஷத்தில் பதில் வந்து விழுந்தது. "ஆமாங்க. இன்னைக்கே ஆள் அனுப்ப முடியுமா?"

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "லாரி நிக்கிறது உனக்கெப்படித் தெரியும்?"

"தினமும் பஸ்ஸுல அந்த வழியாத்தான் வர்றேனுங்க. உங்க காரும் அதே வழிதானுங்க சார்."

அவர் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"நீங்களே வெச்சுக்குங்க சார்," என்றாள் தெய்வானை. "ஜன்னலைப் பாத்தாப்ல திருப்பிப் போட்டுக்கிட்டாப் போதுமுங்க."