முப்பது வாய், ஒரு சாட்சி

ஏரி வற்றிப் பயிர் கருகியது என்பார்கள், ஆற்றுக்கு வடகரையில் இக்கதையைச் சொல்பவர்கள். வெள்ளம் புகுந்து அழுகியது என்பது தென்கரை வழக்கு. மதகு திறந்து கிடந்தது என்பதிலும், பழி யார்மேல் விழுந்தது என்பதிலும் இரு கரைக்கும் வேறுபாடு இல்லை.

ஏரிக்கரையை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். நடத்தியவர் வைத்திலிங்க வாத்தியார். அவருடைய முறை எளியது: சட்டாம்பிள்ளை ஒரு வரி சொல்வான், முப்பது பிள்ளைகளும் அதையே திருப்பிச் சொல்வார்கள். ஒரு குரல் தனித்து ஒலித்தால் பிரம்பு பேசும். சடையன் என்ற பையன் ஒருமுறை, சட்டாம்பிள்ளை சொன்ன கணக்கு தப்பு என்றான். கணக்கு தப்புத்தான். அடி விழுந்தது சடையனுக்கு.

ஒரு நண்பகலில் எவனோ மதகைத் திறந்துவிட, ஊரின் பயிர் முழுவதும் போயிற்று. பிள்ளைகள் பார்த்திருக்கக்கூடும் என்று ஊர்க்கூட்டம் பள்ளி வாசலில் கூடியது. வாத்தியார் சட்டாம்பிள்ளை பெரியணனைப் பார்த்தார்.

"மதகைத் திறந்தது நீர்பாய்ச்சி மாசிலாமணிதானேடா?"

"ஆமாங்க ஐயா. மாசிலாமணி மதகைத் திறந்துவிட்டு ஓடினார்."

"மாசிலாமணி மதகைத் திறந்துவிட்டு ஓடினார்" என்றார்கள் முப்பது பிள்ளைகளும்.

முப்பது சாட்சிகள் ஒரு சொல் பிசகாமல் சொன்னபின் விசாரிக்க என்ன இருக்கிறது? காலை இழுத்து இழுத்து வயலுக்கு வயல் நடந்து தண்ணீர் பாய்ச்சிய மாசிலாமணி, மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஊரைவிட்டு விரட்டப்பட்டார். போன இடத்தில் அடுத்த கோடைக்குள் இறந்தார். அந்தக் குழந்தை மருதாயிக்குத் தாய் சோற்றோடு இரண்டு பெயர்களையும் ஊட்டி வளர்த்தாள்: வைத்திலிங்கம், பெரியணன்.

மருதாயி எழுத்தும் கணக்கும் கற்றாள். வாத்தியார் தள்ளாமையால் ஓய்ந்தபோது, அதே பள்ளிக்கு ஆசிரியையாக வந்தாள். யாருடைய மகள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் அந்த ஊருக்கு இல்லை. பெரியணன் அப்போது ஊர்த்தலைவன். அவன் மகள் நல்லம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மருதாயி தன் ஆயுதமாகத் தேர்ந்துகொண்டது அந்தப் பிள்ளையைத்தான்.

ஒரு பானையை நடுவில் வைத்துச் சுற்றிலும் பிள்ளைகளை உட்காரவைப்பாள். அவரவர் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். தன் பக்கம் தெரியாத விரிசலை ஒருவன் சொன்னால், "நீ பார்த்தியா, இல்ல அவன் சொல்லிக் கேட்டியா?" என்பாள். அவள் சொன்னதையே தக்க காரணத்தோடு மறுக்கும் பிள்ளைக்கு ஒரு துண்டு வெல்லம்.

"வாத்தியாரம்மா, இந்த வெல்லம் இனிக்கலைன்னு சொன்னா இன்னொண்ணு தருவீங்களா?" என்றாள் நல்லம்மா.

"காரணம் சொல்லு, தரேன்."

இப்படி ஈராண்டு கூர்தீட்டியபின், ஒருநாள் மாசிலாமணியின் வழக்கைப் பெயரில்லாமல் வகுப்பில் சொன்னாள். பிள்ளைகள் யோசித்தார்கள். நல்லம்மாதான் கையைத் தூக்கினாள்.

"காலை இழுத்து இழுத்து நடக்கிறவர் எப்படி ஓடுவார்?"

"அதை என்கிட்டக் கேக்காதே. ஊர்க்கூட்டத்துல உங்க அப்பாவைக் கேளு."

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகவே மருதாயி அந்த ஊருக்கு வந்திருந்தாள்.

நல்லம்மா கேட்டாள். எல்லோர் முன்னிலையிலும் பெரியணன் எழுந்தான். "நான் யாரையும் பார்க்கலை. வாத்தியார் பேரை எடுத்துக் கொடுத்தார், ஆமான்னேன். அப்ப நான் சின்னப் பய" என்றான்.

"இல்லைன்னு சொல்றதுதானே? வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருந்தே?" என்றார் கிழவராகிவிட்ட வைத்திலிங்கம்.

பின்னாலிருந்து செக்கு ஆட்டும் சடையன் எழுந்தான். "நான் ஜன்னலோரம் இருந்தேன். பார்த்தேன். ஓடினவன் அசலூர்க்காரன். எல்லாரும் சொன்னாங்க, நானும் சேர்ந்து சொல்லிட்டேன்."

"இத்தனை வருசமா ஏன்யா வாயைத் திறக்கலை?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"யாரும் என்னைத் தனியாக் கேக்கலையே."

அப்போதுதான் மருதாயி தான் யார் என்பதைச் சொன்னாள். பிறகு ஊர் தீர்ப்பளித்தது: குற்றமற்ற ஒருவரை விரட்டினோம், ஈடாக இம்மூவரில் ஒருவரை மருதாயி சுட்டட்டும், அவருக்கு அவள் விதிப்பதே தண்டனை.

அவள் கையை உயர்த்தினாள்.

கேட்பவர்களே, பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னவன் பெரியணன். பார்த்ததை மறைத்தவன் சடையன். வைத்திலிங்கமோ எதையும் சொல்லவில்லை, கேட்க மட்டுமே செய்தார். மருதாயி யாரைச் சுட்டுவது நியாயம்?

விடை: வைத்திலிங்கத்தை. வளர்ந்தபின்னும் காத்த மௌனத்துக்காகச் சடையனைச் சுட்டுவோர் உண்டு, அவன் குற்றவாளிதான். ஆனால் பொய் சொன்ன பிள்ளையும் உண்மை தெரிந்த பிள்ளையும் ஒரே வரியைச் சொல்லும்படி ஒரு பள்ளியைக் கட்டியவர் வாத்தியார். விடையை உள்ளே வைத்து அவர் கேட்டது கேள்வியே அல்ல. தண்டனையில் மட்டும் வடிவங்கள் மாறுபடுகின்றன. அவரை ஊரைவிட்டு விரட்டியதாகச் சொல்லும் வடிவத்தை நான் ஏற்பதில்லை. துரத்தியிருந்தால் இன்னோர் ஊரில் இன்னொரு பள்ளி வைத்திருப்பார், மருதாயி அதை அறியாதவள் அல்லள். பழுதற்ற வடிவம் இது: சாகும்வரை அவர் நாள்தோறும் அவள் வகுப்பில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். முதல் நாள் நல்லம்மா கேட்டாள்: "மாசிலாமணிதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" கிழவர் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார், பிறகு இடப்பக்கம்.

"அங்க என்ன பார்க்கறீங்க, தாத்தா? உங்களைத்தான் கேட்டேன்."