பின்னோர்

குடம் பாறையில் உரசும் சத்தம் முதலில் கேட்டது. பிறகுதான் மூடுபனிக்குள் சுனை தெரிந்தது; அங்கே குனிந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்த இசக்கியப்பனும் தெரிந்தான்.

மலைமடத்துக்குத் தண்ணீர் இங்கிருந்துதான் ஏற வேண்டும். ஒற்றையடிப் பாதை. முன்னால் போகிறவர் தரையைப் பார்த்து, "கல்லு", "முள்ளு", "வழுக்கு" என்று குரல் கொடுப்பார். பின்னால் வருகிறவர் அதைக் கேட்டுக் காலை வைப்பார். மடத்து வழக்கம் அது.

வரிசையில் இசக்கியப்பன் எப்போதும் கடைசி ஆள். நினைப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். உடைத்த குடங்கள் எத்தனையோ. குயவர் இவனுக்கென்றே தனிச்சூளை போட்டிருக்கிறாராம் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

அன்று மடத்தைவிட்டுப் போக, விடியுமுன்பே மூட்டையைக் கட்டிவைத்துவிட்டுத்தான் வந்திருந்தான். மடத்துத் தலைவி வடிவம்மை அவனைவிட இளையவள். அவள் மற்றவர்களோடு சுனைக்கு வந்ததும் மனதில் கிடந்ததைக் கொட்டினான்.

அந்திப் பூசையில் முன்னோருக்கும் பின்னோருக்கும் நன்றி சொல்லிக் கும்பிடுகிறோம். முன்னோர் சரி, சோறும் சொல்லும் தந்தவர்கள். பின்னோர் இன்னும் பிறக்கவே இல்லை. அவனுக்கோ பிள்ளை கிடையாது; மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த இடம் வந்தால் நாக்கு புரள மறுக்கிறது. பொய்க்கும்பிடு போட்டுக்கொண்டு இங்கே கிடக்க முடியாது.

"அந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது, அம்மா? பிறக்காதவங்க நமக்கு என்ன செஞ்சாங்க?"

"இப்படி ஒரு பாதையிலேருந்துதான் வந்திருக்கும்," என்றாள் வடிவம்மை. "இன்னைக்கு நீர் முன்னால போம். நாங்க பின்னால வாரோம்."

ஏறினான். பனியில் கையெட்டும் தூரம்தான் தெரிந்தது.

"கல்லு."

பின்னால் வருகிறவர்களில் கிழவர் சடையருக்குக் கண் மங்கல் என்பது நினைவு வந்தது.

"வழுக்கு. இடப்பக்கம் ஒதுங்கி வாரும்," என்று உரக்கச் சொன்னான். முள் கிடந்த இடத்தில் நின்று, இரண்டு தடவை சொன்னான்.

மேலே வந்து குடத்தை இறக்கித் திரும்பினான். ஒருவரும் இல்லை.

வெகுநேரம் கழித்து வடிவம்மை மட்டும் வெறுங்கையோடு வந்தாள். மற்றவர்களைச் சுனையிலேயே நிறுத்திவைத்திருக்கிறாளாம்.

அவனுக்குச் சுருக்கென்றது. "அப்போ நான் யாருக்குக் கத்திக்கிட்டு வந்தேன்?"

"இனிமேத்தான் வருவாங்க."

அவன் காலைப் பார்த்தாள். "அடிபட்டுச்சா?"

"இல்லை."

"குடம்?"

குடம் விளிம்புவரை நிறைந்திருந்தது.

"அப்படின்னா அவங்களைக் கும்பிட்டுக்கிடும்."

இசக்கியப்பன் பனி மூடிய பாதையைப் பார்த்து நின்றான். கை தானாகக் குவிந்தது.

பிறகு தண்ணீரைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, அடுத்த நடைக்கு இறங்கினான்.