நீலப் பனியன்

தூத்துக்குடிப் பக்கம் கடலை ஒட்டி ஒரு ரசாயன ஆலை. அங்கே தொழிலாளர் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் நசீமா. அவரிடம் இரண்டு பேர் வேலை கற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஞானதிரவியம், நசீமாவைவிடப் பத்து வயது மூத்தவர். இன்னொருவன் இசக்கியப்பன், போன வருஷம் சேர்ந்தவன்.

இசக்கியப்பனைக் கண்டாலே ஞானதிரவியத்துக்கு வயிறு எரிந்தது.

அவன் சிரித்தால் எரிந்தது. கேன்டீனில் அவன் தட்டு வடை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. ஆலையின் கிரிக்கெட் அணிக்கு அவனைத் தலைவனாக்கி, முதுகில் பெயர் போட்டு ஒரு நீலப் பனியன் கொடுத்தார்கள். அன்றைக்கு ஞானதிரவியம் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

இப்போது புதிதாக ஒன்று. மின் பேனல் வேலைக்கென்று நெருப்பு தாங்கும் கனத்த உடுப்பு சாம்பல் நிறத்தில் வந்திருந்தது. தலையும் முகமும் மூடும் முகமூடி வேறு. நசீமா அதை இசக்கியப்பனுக்குக் கொடுத்தார். ஞானதிரவியத்துக்கு எப்போதும்போல, ஆசிட் தொட்டிக்குப் போட்டுக்கொண்டு போகும் பச்சை ரப்பர் கோட்டு.

மறுநாள் காலையில் அவர் நசீமாவின் முன்னால் போய் நின்றார்.

“மேடம், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“நல்லதெல்லாம் அவனுக்கு. எனக்கு மட்டும் இந்த மழைக்கோட்டா?”

நசீமா சுவரில் தொங்கிய பச்சைக் கோட்டைத் தொட்டார்.

“இதைப் போட்டுக்கிட்டுப் பேனலைத் திறந்தா?”

“நெருப்பு அடிச்சா உருகித் தோலோட ஒட்டிக்கும்.”

“சாம்பல் உடுப்போட ஆசிட் தொட்டிக்குப் போனா?”

“துணி குடிச்சிரும். உடம்பு வெந்துரும்.”

“இப்பச் சொல்லுங்க. எது நல்லது?”

ஞானதிரவியத்துக்குப் பதில் தெரிந்தது. எரிச்சல்தான் தணியவில்லை.

“இன்னைக்குப் பேனல்ல ஒரு பிரேக்கரைக் கழட்டணும். இசக்கியப்பன் போறாரு,” என்றார் நசீமா. “அவருக்கு நீங்கதான் உடுப்பு மாட்டி விடணும்.”

தான் அவனுக்கு வேலைக்காரன் ஆகிவிட்டதாகவே ஞானதிரவியத்துக்குத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு போனார்.

இசக்கியப்பன் ஆலை கொடுத்த பருத்திச் சட்டையோடு நின்றான். ஞானதிரவியம் உடுப்பை விரித்துப் பிடித்தார். அவன் கையை நுழைத்தபோது சட்டைக் கழுத்தோரம் நூலிழை மாதிரி ஒரு நீலம் எட்டிப் பார்த்தது.

அந்தப் பனியன். நைலான்.

பச்சைக் கோட்டு உருகினால் என்ன ஆகுமோ, அதுவேதான் இதற்கும். வெளியே என்ன உடுப்பு இருந்தாலும் உள்ளே சூடு ஏறினால் போதும்.

‘மேடம் எப்படியும் சோதிப்பாங்க. அவங்க கண்ணுல படட்டும். நாலு பேர் முன்னால முழிக்கட்டும்.’

ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தார். நீலம் மறைந்தது. முகமூடியை மாட்டி அவனைப் பேனல் அறைக் கதவுவரை கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே நின்ற நசீமா அவனுடைய கையுறைகளில் காற்றை அடைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். முகமூடியை அசைத்துப் பார்த்தார். ஜிப்பை இழுத்துப் பார்த்தார்.

“சரி. போகலாம்.”

ஞானதிரவியத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடத்துக்குத் தெரியவில்லை.

இசக்கியப்பன் கதவில் கை வைத்தான்.

“ஏலே, நில்லு!”

தன் குரல்தானா அது என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

“உள்ள போட்டிருக்கிற பனியனைக் கழட்டு.”

“அதுக்கு மேல சட்டை இருக்குல்லா அண்ணாச்சி?”

“கழட்டுன்னா கழட்டுல!”

மறுபடி எல்லாவற்றையும் அவிழ்த்தார்கள். இசக்கியப்பன் பனியனைக் கழற்றிப் பெயர் தெரிய மடித்து அவர் கையிலேயே கொடுத்தான். “பத்திரமா வச்சிருங்க அண்ணாச்சி.” பருத்திச் சட்டையை மட்டும் மாட்டி, உடுப்பை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போனான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே டமார் என்று ஒரு சத்தம். கதவிடுக்கில் வெள்ளை வெளிச்சம் பாய்ந்து அணைந்தது.

இசக்கியப்பன் தள்ளாடி வெளியே வந்தான். உடுப்பின் முன்பக்கம் முழுக்கக் கரி. ஓடிப்போய் அவிழ்த்தார்கள். சட்டை வேர்வையில் ஊறிக் கிடந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவன் ஞானதிரவியத்தைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல் அழுதான்.

ஆலையே அவனைச் சுற்றி நின்றது. ஆளாளுக்கு அவன் தோளைத் தட்டினார்கள். அப்போதும் ஞானதிரவியத்துக்கு உள்ளே ஒரு மூலையில் சுருக்கென்றது. அது அவரையே பயமுறுத்தியது.

கூட்டம் கலைந்ததும் அவர் நசீமாவிடம் போனார்.

“மேடம், நான் முதல்லயே பார்த்துட்டேன். பார்த்துட்டுத்தான் ஜிப்பை மூடினேன்.”

நசீமா தலையசைத்தார்.

“எனக்கு அவனைக் கண்டா ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் அவனை என் கையில விட்டீங்க?”

நசீமா கரி படிந்த உடுப்பைத் தன் மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜிப்பைப் பார்த்தேன். முகமூடியைப் பார்த்தேன். அந்த நீல நூல் என் கண்ணுல படவே இல்ல,” என்றார். “அவரை உங்க அளவுக்கு உத்துப் பார்க்கிறவங்க இந்த ஆலையில வேற யார் இருக்காங்க அண்ணாச்சி?”