நாதஸ்வரக்காரர் ஊதிய டயர்

கார்மேகத்தின் வாய் இருக்கிறதே, அதைக் காடனேந்தலில் நம்பியவரும் கிடையாது, பாதியில் விட்டு நகர்ந்தவரும் கிடையாது. ஆனால் அன்று காலை அந்த வாயை நம்பித்தான் அவன் பிழைப்பே இருந்தது. "இந்த வேலையும் கிடைக்கலைன்னா அப்படியே எங்கேயாச்சும் போயிருங்க" என்று பெண்டாட்டி வெள்ளத்தாய் வாசலிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்.

வேலை வேறொன்றுமில்லை, பால் சங்கத்துக் கேன்களைச் சைக்கிளில் கட்டி, ஊர்ப்பாதை பிரியும் மெயின்ரோட்டு விலக்குக்குக் கொண்டுவந்து பால் வேனில் ஏற்றுவது. வழி நெடுகச் சீமைக்கருவேலங்காடு. இப்போது கொண்டுவரும் சேதுவுக்குப் பாதி நாள் பஞ்சர். பால் வேன் யாருக்காகவும் நிற்காது. போன வாரம் அது கிளம்பிப் போய்விட, ஊரே மூன்று வேளையும் தயிர் குடித்துச் சளி பிடித்துக் கிடந்தது. அதனால்தான் சங்கச் செயலாளர் பூரணம், "பஞ்சராகாத சைக்கிள் இருந்தா விலக்குக்குக் கொண்டாங்கண்ணே, பாப்போம்" என்றிருந்தாள்.

கொண்டுவந்துவிட்டான். வருகிற வழியில் பின் டயரில் முள் ஏறியதும், ட்யூபை உருவிப் போட்டுவிட்டு யாருடையதோ வைக்கோல் படப்பிலிருந்து பிடுங்கி டயருக்குள் திணித்ததும் அவனுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். ரிம் ஓரத்தில் ஒரு வைக்கோல் தாள் எட்டிப் பார்த்தது. காலால் மறைத்துக்கொண்டு நின்றான்.

வேன் வந்து நின்றது. பால் வரவில்லை. டிரைவர் சூசை ஹாரன் அடித்துவிட்டு, விலக்கில் காத்து நின்ற பூரணத்திடம், "சேதுவுக்கு இன்னைக்கும் பஞ்சரா? கிளம்புறேன்மா" என்றான்.

"பஞ்சரா? பஞ்சர்னா என்னன்னே இந்த வண்டிக்குத் தெரியாது" என்று கார்மேகம் சத்தமாக ஆரம்பித்தான். "நான் காட்டுக்குள்ள நுழைஞ்சா கருவேலமரம் முள்ளை மடக்கிக்கிரும். ஒரு தடவை மடக்காத முள்ளு ஒண்ணு குத்திப் பாத்துச்சு. மழுங்கிப்போச்சு. மறுநாள் பொம்பளையாளுக அந்த முள்ளுல காது குடைஞ்சாக."

"யாருண்ணே குடைஞ்சது?" என்றாள் பூரணம்.

"பேரைச் சொன்னா சங்கடப்படுவாக தாயி. அதை விடு. போன கோடையில தேர்ச் சக்கரத்து ஆணி ஒண்ணு, முழ நீளம், ரோட்டுல குத்துக்க நின்னுச்சு. நான் பாக்கலை, ஏறிட்டேன். டயரு அசரலையே! ஆணிதான் பூமிக்குள்ள எறங்கிருச்சு. எறங்குன வேகத்துல தண்ணி பீச்சி அடிச்சுச்சு. மேலத்தெரு போர்வெல் தண்ணி வேற எங்கருந்து வருதுங்கிற?"

"அந்தப் போர் நான் யூனியன் ஆபீசுக்கு நடையா நடந்து போட வச்சதுண்ணே."

"குழாய் நீ போட வச்சது. தண்ணி?"

சூசை இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். கார்மேகத்துக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"பரமக்குடி ரோட்டுல செங்கல் லாரி ஒண்ணு ஆறு வீலும் உக்காந்து போய் நின்னுச்சு. டிரைவர் அழுகுறாரு. இந்தப் பின் டயர்ல இருந்துதான் காத்துக் குடுத்தேன். ஆறு வீலும் நிமிந்துருச்சு. மிச்சக் காத்துக்குத் திருவிழாவுல பலூன் ஊதிக் குடுத்தேன். அப்புறம் டயரைத் தொட்டுப் பாத்தா, கல்லு!"

"ஸ்டெப்னிக்கு?" என்றான் சூசை. தொழில்காரன் சந்தேகம்.

"அதுக்கும் சேத்துத்தான்."

"அப்ப என் ஸ்டெப்னிக்கும் கொஞ்சம் குடுங்கண்ணே. ரெண்டு நாளா சப்பையாக் கெடக்கு."

கார்மேகம் காலை இன்னும் நெருக்கி ரிம்மை மறைத்தான். ஆனால் வாய் எப்போது பின்வாங்கியிருக்கிறது?

"குடுக்கலாம். ஆனா இது சாதாரணக் காத்து இல்லப்பா. என் கல்யாணத்தன்னைக்கு மாமனார் குடுத்த சைக்கிள். ஊர்ல பம்பு இல்லை. நாதஸ்வரக்காரரு வால்ட்யூபுல வாயை வச்சு ஒரே மூச்சுல ஊதுனாரு. பன்னெண்டு வருசமா அதே காத்து. லாரிக்குக் குடுத்தப்பவே கெட்டிமேளம் கேட்டுச்சு. கேட்டா யாராச்சும் யாருக்காச்சும் தாலி கட்டியே ஆகணும். லாரி டிரைவரு கல்யாணம் கட்டாத ஆளு, தப்பிச்சாரு. ஒனக்குத்தான் ஏற்கெனவே ஆயிருச்சே?"

சூசை தன்னையறியாமல் இரண்டடி பின்வாங்கினான். பூரணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாய் நன்றாகத்தான் வேலை செய்தது. பேச்சு சுவாரசியத்தில் காலைத்தான் எடுத்துவிட்டான். விலக்கில் திரியும் வெள்ளாடு ஒன்று வந்து, ரிம்மோரத்து வைக்கோலைக் கவ்வி இழுத்தது. ஒரு பிடி வந்தது. மென்றது. மறுபடி இழுத்தது. எல்லாரும் பார்க்கப் பார்க்க, பின் டயர் மெல்ல மெல்லச் சப்பையாகி ரோட்டில் படுத்தது.

"என்னண்ணே, கெட்டிமேளம் வரும்னீங்க, வைக்கோல் வருது?" என்றான் சூசை.

கார்மேகத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெள்ளத்தாயின் முகம் கண்முன் நின்றது. ஆட்டைப் பார்த்தான், டயரைப் பார்த்தான்.

"பன்னெண்டு வருசக் காத்துப்பா. வயசாயிருச்சு, பாவம். படுக்கக் கொஞ்சம் வைக்கோல் போட்டுக் குடுத்தேன். அதையும் இந்த ஆடு உருவிருச்சே!"

சூசை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

அந்த நேரத்தில்தான் சேது வந்து சேர்ந்தான். இரண்டு டயரும் பஞ்சர். கேன்களோடு சைக்கிளைத் தள்ளி வந்ததில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வேன் இன்னும் நிற்பதைப் பார்த்து நம்ப முடியாமல் கண்ணைக் கசக்கினான். சூசை வாட்சைப் பார்த்துவிட்டு, "அடப்பாவி, இம்புட்டு நேரமா ஆச்சு!" என்று அலறியடித்துக்கொண்டு கேன்களை ஏற்றினான். வேன் போய்விட்டது.

கார்மேகம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சைக்கிளைத் திருப்பினான்.

"எங்கண்ணே கிளம்பிட்டீக?" என்றாள் பூரணம்.

"அதான் வேலை இல்லைன்னு ஆயிப்போச்சே தாயி."

"யாரு சொன்னா? பாலைச் சேதுவே கொண்டாரட்டும். நாளைலருந்து நீங்க காலையில வெள்ளென இங்க வந்து நின்னு சூசைகிட்டப் பேசுங்க. பால் வந்து சேர்ற வரைக்கும் நிறுத்தாதீக. சம்பளம் சங்கம் குடுக்கும்."

கார்மேகத்தின் நெஞ்சு புடைத்தது. மீசையைத் தடவிக்கொண்டான். "அப்படிப் போடு! இந்தச் சைக்கிள்ல நான் ஏறி மிதிச்சேன்னா, கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள விலக்குல..."

"ஐயையோ, சைக்கிள் வேணாம்ணே" என்றாள் பூரணம். "நடந்தே வாங்க. பஞ்சராகி வழியில நின்னுட்டீகன்னா, இங்க யாரு பேசுறது?"