அக்கரையிலிருந்து தெரிந்த சுவர்

எந்த ஊர், எந்த ஆறு என்று என்னைக் கேட்காதீர்கள். இக்கரையில் ஓர் அம்மன் கோயில் இருந்ததாம். அக்கரையில் தொழுநோயாளிகளின் சாவடி. அவர்கள் ஆற்றைத் தாண்டி வரக்கூடாது என்பது அன்றைய கட்டுப்பாடு.

“இங்கேயிருந்தாவது அம்மனைப் பாக்கணும்” என்று அவர்கள் சொல்லியனுப்பினார்கள்.

அதற்காகத்தான் ஆற்றைப் பார்த்த கோயில் சுவரில் அம்மனை ஓவியமாக எழுதச் சொன்னார்கள். எழுதியவன் மருதப்பன். உள்ளங்கை அகலப் பலகையில் ஒரு தேரோட்டத்தையே அடக்கிவிடுகிறவன்.

எழுதி முடித்தான். ஊர் மெச்சியது. அவன் குரு தில்லையாயி மட்டும் வாயே திறக்கவில்லை.

“புருவத்துல முடி முடியா எழுதியிருக்கேன், தாயே. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“எதால எழுதினே?”

“அணில்வால் தூரிகைதான். எப்பவும் பிடிக்கிறது.”

“எவ்வளவு தள்ளி நின்னு பாத்தே?”

“தள்ளி நின்னா என்ன தெரியும்? இதைக் கிட்ட வந்துல்ல பாக்கணும்.”

தில்லையாயி எழுந்து போய்ப் படகில் உட்கார்ந்தாள். அவனும் ஏறினான்.

சாவடி வாசலில் எல்லோரும் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க மருதப்பனுக்கு ஆசை.

“அம்மன் எப்படி இருக்கா?”

துணி சுற்றிய கையால் ஒருவர் எதிர்க்கரையைக் காட்டினார்.

“எங்கே இருக்கா? செவுரு பூசணம் பிடிச்சுக் கிடக்கு.”

“அந்தப் பூசணத்தைப் பாத்து இவன் நேத்து கன்னத்துல போட்டுக்கிட்டான்” என்றார் பக்கத்தில் இருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள்.

மருதப்பன் திரும்பிப் பார்த்தான்.

பூசணம்தான்.

“ஓவியர் பெரிய கைகாரராம்” என்றாள் ஒரு பெண். “இன்னும் வந்து சேரலை போல.”

அவன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

தில்லையாயி கரையோரத் தாழையில் ஒரு விழுதை வெட்டினாள். கைத்தண்டி விழுது. அதன் நுனியைக் கல்லில் வைத்துத் தும்பு தும்பாகத் தட்டினாள். கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள்.

“இதால எழுதினா கிட்ட நிக்கிறவங்க சிரிப்பாங்க, தாயே.”

“சிரிப்பாங்க.”

“முதல்ல அந்தப் படத்துமேல சுண்ணாம்பு அடிக்கணும்.”

“நான் கரைச்சுத் தர்றேன்.”

சொல்லிவிட்டு அவள் படகுக்குப் போய்விட்டாள்.

பொழுது சாய்ந்தது. ஒவ்வொருவராகச் சாவடிக்குள் போனார்கள். அந்தப் பெண் மட்டும் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

“தம்பி, நீங்க அந்தக் கரைதானே? ஓவியர் வந்தா ஒண்ணு சொல்லுங்க.”

மருதப்பன் தலையை நிமிர்த்தவில்லை.

“அவசரமில்லே. சாப்பிட்டுட்டு நிதானமா எழுதட்டும். பெரிய செவுரு. பாவம், கை கடுக்கும்.”

கோலை ஊன்றிக்கொண்டு அவளும் உள்ளே போனாள்.