ஸ்டீம் ட்ராப்புக்குப் போர்த்திய கம்பளி

பவானி ஆற்றங்கரையில் ஒரு சாயப்பட்டறை. மூளை தேய்ந்துவிடக் கூடாதே என்று அதை வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டு வேலைக்கு வருகிற மூன்று பேர் அங்கே இருந்தார்கள். முதலாளி அவர்களை ‘நீராவிப் பராமரிப்புக் குழு’ ஆக்கியிருந்தார். பொங்கியண்ணன் தலைவர், ராக்கியப்பன் செயலாளர், தொட்டப்பன் வெறும் உறுப்பினர். அதில் தொட்டப்பனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

அன்று மதியம், துணி உலர்த்தும் உருளையின் அடியில் எஞ்சினியர் ஃபௌசியா புதிதாக ஒரு ஸ்டீம் ட்ராப்பை மாட்டினார். தேங்காய் மூடி அளவுதான் இருந்தது.

“நீராவி துணிக்குச் சூட்டைக் கொடுத்துட்டுத் தண்ணியாயிடும். தண்ணி வெளியே போகணும், நீராவி உள்ளேயே நிக்கணும். இதுக்குள்ள ஒரு சின்ன டப்பி இருக்கு. நீராவிச் சூடு பட்டா வீங்கி வழியை அடைச்சுக்கும். தண்ணி சேர்ந்து கொஞ்சம் ஆறினா, சுருங்கி வழி விட்டுடும். அவ்வளவுதான். நல்லாப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மூவரும் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து நன்றாகப் பார்த்தார்கள்.

பொங்கியண்ணன் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்கு லாரி வரும். உருளையில் ஓடிக்கொண்டிருந்தது அவர் மகளுடைய பள்ளிக்கூடத்துச் சீருடைத் துணி. “இந்த வருஷம் கிழிசல் இல்லாமப் போவே கண்ணு” என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

“ஏனுங்க தலைவரே, சூடு பட்டா வீங்குமாமுங்க” என்றான் ராக்கியப்பன். “வீக்கத்தோட வேலை வாங்கறது பாவமுங்க.”

“ஈரத்துணி போடு.”

போட்டார்கள். டப்பி சுருங்கி வழியைத் திறந்தது. நீராவியெல்லாம் ‘புஸ்ஸ்’ என்று வெளியே ஓடியது. உருளை ஆறிப்போய், துணி ஈரமாகவே வந்தது.

“சுருங்கிப்போச்சுங்க! குளிருதாட்ட இருக்குது” என்று கண்கலங்கினான் தொட்டப்பன்.

ஈரத்துணியை எடுத்துவிட்டுக் கம்பளி போர்த்துவதென்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வாட்ச்மேனின் கம்பளிகள் இரண்டு, அதற்கு மேல் ஒரு மப்ளர்.

கம்பளிக்குள் சூடு ஆறவே இல்லை. டப்பி வீங்கியது வீங்கியபடியே வழியை அடைத்துக்கொண்டது. தண்ணீர் போக இடமில்லாமல் உருளைக்குள் தேங்கியது. கொஞ்ச நேரத்தில், நீராவி மோதித் தண்ணீர் குழாய்க்குள் ‘டம்! டம்!’ என்று இடித்தது.

“ஆரோ கதவைத் தட்டறாங்க” என்றான் தொட்டப்பன்.

“ஆருன்னு கேளு.”

“ஆருங்க உள்ளே?”

டம்!

“பேரைச் சொல்ல மாட்டேங்கறாங்க தலைவரே.”

“அப்பத் திறக்காதே. பேர் சொல்லாத ஆளை உள்ளே விடக் கூடாதுன்னு கேட்லயே எழுதியிருக்குதல்லோ?”

“இவங்க ஏற்கெனவே உள்ளேதானுங்களே இருக்கறாங்க. வெளியே விடறதுக்கும் பேர் வேணுங்களா?”

அது சிக்கலான கேள்வி. விவாதம் அரை மணி நேரம் நடந்தது. அதற்குள் மணி மூணரை. காயாத சீருடைத் துணி முழங்கால் உயரத்துக்குக் குவிந்துவிட்டது. பொங்கியண்ணனுக்கு மகளின் முகம் நினைவுக்கு வந்தது. தலைவர் பதவியின் மிடுக்கையெல்லாம் விட்டுவிட்டு ஃபௌசியாவுக்கு போன் செய்தார்.

வந்தவர் மப்ளரைப் பார்த்தார். நீராவியை நிறுத்திக் கம்பளிகளை உரித்தார். டப்பி ஆறியதும் தேங்கிய தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது. மறுபடி நீராவி விட, உருளை சூடேறியது. லாரி இரண்டு மணி நேரம் காத்திருந்து, காய்ந்த துணியோடு கிளம்பியது. பொங்கியண்ணனுக்குப் போன உயிர் வந்தது.

“இனிமே அதுவே பாத்துக்கும். நீங்க மூணு பேரும் ஒண்ணுமே செய்ய வேண்டாம்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார் ஃபௌசியா.

மறுநாள் பாய்லரை யாரும் பற்றவைக்கவில்லை. முதலாளி ஓடி வந்து பார்த்தால், மூவரும் வரிசையாகக் கைகட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பொங்கியண்ணனின் மூக்கின் மேல் ஒரு ஈ உலாவிக்கொண்டிருந்தது.

“என்னய்யா பண்றீங்க?”

பதில் சொல்வதும் ஒரு வேலைதான் என்பதால் பொங்கியண்ணன் வாயைத் திறக்கவில்லை. தொட்டப்பனால்தான் பொறுக்க முடியவில்லை.

“ஒண்ணும் பண்ணலைங்க” என்றான்.

கட்டுப்பாட்டை மீறிப் பேசியதற்காக அவனைக் குழுவிலிருந்து நீக்கியே தீர வேண்டும் என்று பொங்கியண்ணனுக்குத் தோன்றியது. ஆனால் நீக்குவதும் ஒரு வேலையாயிற்றே! அதனால் தொட்டப்பன் இன்னும் உறுப்பினராகவே இருக்கிறான்.