ஒரு சாண் தள்ளி வைத்த தட்டு

வாதத்துக்குப் பேர்போன மடம் அது. அங்கே யார் மீதாவது குற்றம் வந்தால் எல்லாரும் மௌனம் காக்க வேண்டும். ஒருவர் பேச்சு இன்னொருவர் மனதைக் கலைத்துவிடக் கூடாதாம். மௌனம் முடிகிற காலையில் குருவைத் தவிர மற்றவர்கள் ஆளுக்கொன்றாகப் பானையில் போடுவார்கள். வேப்பிலை என்றால் வெளியேற்று. வேப்பம்பூ என்றால் இருக்கட்டும். ஒரே ஒரு பூ விழுந்தாலும் போதும், ஆள் தப்பித்துவிடுவான்.

இந்த முறை மாட்டிக்கொண்டவன் செங்கோடன். வாதத்தில் கேட்கவிருந்த கேள்விகளை எதிர்மடத்துக்குப் போய் முன்கூட்டியே சொல்லிவிட்டான் என்று குற்றம். அந்த மடத்து வாசலிலிருந்து அவன் வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

பானையில் ஒரு பூகூட இல்லை.

செங்கோடன் மூட்டையோடு வாசலில் நின்றான். உச்சிப்பொழுதில் பானையை உடைப்பார்கள். அதோடு அவன் போய்விட வேண்டும். அதுவரை யார் வேண்டுமானாலும் முடிவை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த மடத்தில் யாரும் மாற்றிக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை.

தேமொழி குருவிடம் போனாள். வாதத்தில் அவளை மடக்க அங்கே ஆள் கிடையாது.

"பிறர் சாயல் படாமல் யாராலும் யோசிக்க முடியாது என்று அன்றைக்குச் சொன்னீர்களே குருவே, அது தப்பு."

"அப்படியா?"

"நானே அத்தாட்சி. யாரோடும் பேசவில்லை. யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. நானாக யோசித்தேன், நானாக இலையைப் போட்டேன். இத்தனைக்கும் செங்கோடன் என் சிநேகிதன்."

"சபாஷ். எப்போது முடிவு செய்தாய்? முதல் நாளேவா?"

"இல்லை. முதலில், அவன் அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்றுதான் பட்டது. அப்புறம் ஒரு நாள் சாப்பிட்டு எழுந்தபோது சட்டென்று தெளிந்துவிட்டது."

"அன்றைக்குச் சோற்றில் அப்படி என்ன கலந்தார்கள்?"

தேமொழி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"அவன் வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தான்," என்றாள் மெல்ல. "நீங்கள் தட்டை ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டு நகர்ந்தீர்கள்."

"ஆமாம். எறும்பு."

"என்னது?"

"தரையில் எறும்பு. சாரை சாரையாக."

தேமொழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைய பந்தியில் எல்லாரும்தான் இருந்தார்கள். எல்லாரும்தான் பார்த்தார்கள்.

"எறும்பா! எறும்புக்காகவா ஒருத்தனைத் துரத்துகிறோம்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீங்கள்?"

"மௌனம் அல்லவா?"

"மௌனமாம், மௌனம்! காலையில் நாங்கள் வரிசையாக இலை போட்டபோது சொல்லியிருக்கலாமே? சும்மா பார்த்துக்கொண்டுதானே நின்றீர்கள்?"

வெயில் முற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

தேமொழி ஓடினாள். மரத்தடியில் உதிர்ந்து கிடந்த வேப்பம்பூவைப் பொறுக்கிக்கொண்டு மூச்சிரைக்கப் பானைக்கு வந்தாள். பானைக்குக் காவல் இருந்த சாத்தன் இளித்தான்.

"என்ன தேமொழி, சிநேகிதப் பாசம் பொங்குகிறதோ?"

"தள்ளிப் போடா. செங்கோடன் ஒரு தப்பும் செய்யவில்லை."

"எப்படித் தெரியும்?"

இதைக் கேட்டது சாத்தன் அல்ல. குரு பின்னாலேயே வந்திருந்தார்.

"எப்படியா? நீங்கள்தானே சொன்னீர்கள், எறும்பு என்று!"

"எறும்பை நீ பார்த்தாயா?"

பூவை ஏந்திய கை பானையின் வாய்க்கு மேலே அப்படியே நின்றது.

"அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் இன்னும் வாசலில்தான் நிற்கிறான்," என்றார் குரு.